பிளாட்டினமும் பெல்ட் காதும்

சேவியர்ராஜுக்கு வாய்த்த சொத்து என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது அவருடைய காதுதான். அழகான காது என்று யாரும் சொல்லமாட்டார்கள். விடைத்துக்கொண்டு நிற்கும், இடது மடலில் சின்ன வயதில் முந்திரிக் கிளை கிழித்த தழும்பு வேறு. ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தின் கன்வேயர் பிரிவில் முப்பத்தேழு வருடம் அந்தக் காதுதான் சம்பளம் வாங்கியது. மீதி உடம்பு சும்மா துணைக்குப் போய்வந்தது.

சுரங்கத்தில் வெட்டிய மண்ணும் நிலக்கரியும் மைல் கணக்கான ரப்பர் பெல்ட்டில் ஏறித்தான் மேலே வரும். பெல்ட்டுக்கு அடியில் ஆயிரக்கணக்கில் உருளைகள், முனைகளில் ஆள் உயர டிரம்கள், எல்லாவற்றுக்கும் பேரிங். ஒரு பேரிங் கெட்டால் சூடாகும், சூடானால் ரப்பர் பற்றிக்கொள்ளும். அதனால் மெக்கானிக் ஒருவன் பெல்ட்டோடு நடந்துகொண்டே இருக்கவேண்டும். சந்தேகம் வந்த இடத்தில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பான். சேவியர்ராஜ் பாதி நேரம் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே மாட்டார். நடக்கும்போதே நின்று, கோழி மாதிரி தலையைச் சாய்த்து, "இது இன்னும் பத்து நாள் தாங்கும்" என்பார். பத்து நாள்தான் தாங்கும்.

பெல்ட் பக்கத்தில் பேச்சு எடுபடாது. அந்த இரைச்சலில் அங்கே எல்லாம் கைஜாடைதான். இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி போட்டால் நிறுத்து. ஒரு கையை உயர்த்தி, விரலால் வட்டம் சுற்றினால் எல்லாம் சரி, ஓட விடு. இந்த வட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் குவார்ட்டர்ஸ் தெருமுனை திரும்பும்போதே கையை உயர்த்தி ஒரு சுற்று சுற்றுவார். ஆனி வாசலில் அதைப் பார்த்துவிட்டு அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் சுற்ற ஆரம்பித்தார்கள்.

ஆனியைக் கண்டுபிடித்ததும் அதே காதுதான்.

சேவியர்ராஜ் கம்மாபுரம் பக்கத்து ஆள். அப்பாவின் இரண்டரை ஏக்கர் சுரங்கத்துக்குப் போக, அதற்குப் பதிலாக மகனுக்கு வேலை வந்தது. ஆனியின் அப்பா நாகர்கோவிலிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு வந்தவர். ஒரு டிசம்பர் மாதம், மாதா கோயில் வாசலில் கழன்ற சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்த சேவியர்ராஜின் காதில், உள்ளே கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை நடப்பது விழுந்தது. பெண்கள் மேல் குரலில் ஆறு பேர். அதில் ஒரு குரல் மட்டும் மற்ற ஐந்தோடு ஒட்டாமல் கொஞ்சம் மேலே நின்றது. கை கிரீஸோடு உள்ளே போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒத்திகை முடிந்ததும் நேராக அந்தப் பெண்ணிடமே போய்ச் சொன்னார்:

"நீங்க சுருதிக்கு ஒரு நூல் மேல பாடுறீங்க."

மெக்கானிக்குக்கு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பாகம். ஆனிக்கு அது தெரியாது. தெரிந்தாலும் ஆறுதலாக இருந்திருக்காது. முன்பின் தெரியாதவன், கறுத்த கையோடு வந்து, ஆறு பேர் முன்னால் குற்றம் சொல்கிறான். நான்கு மாதம் அவள் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஐந்தாவது மாதம், வெளியே நின்றபடி வெறும் குரலை வைத்தே அவர் தன்னைக் கண்டுபிடித்தார் என்று யாரோ சொல்ல, அவளுக்கு மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அந்த ஒரு நூலைக் குறைத்துக்கொள்ளவில்லை. "அதை இறக்கிட்டா நான் எங்க நிக்கிறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் ஆண்கள் பக்கம் ஆறாவது பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பக்தி என்று பங்குச்சாமியார் நினைத்துக்கொண்டார். மனிதர் ஒரு நூலைத் தேடிக்கொண்டிருப்பார்.

அவருடைய பெயர் சுரங்கத்தில் நிலைத்தது தொண்ணூற்றாறில். அப்போது சிவசங்கர் என்று ஓர் இன்ஜினியர் புதிதாக வந்திருந்தார். படிப்பு வாசனை போகாத பிள்ளை. டிரம்மை ஓட்டும் மோட்டாருக்குள்ளும் பேரிங்கிலும் சூட்டை அளக்கப் பிளாட்டினம் கம்பி வைத்த சென்சார் உண்டு. அது சொல்லும் சூடு பேனலில் எண்ணாகத் தெரியும். ஒரு மத்தியான ஷிப்டில் சேவியர்ராஜ் போய், "சார், டிரம் பேரிங்ல கிச்சுனு ஒண்ணு கேட்டுகினே இருக்கு" என்றார்.

சிவசங்கர் பேனலைக் காட்டினார். "டெம்பரேச்சர் நார்மல். பிளாட்டினம் பொய் சொல்லாது சேவியர்."

"பொய் சொல்லாது சார். ஆனா அது எரிஞ்சதுக்கப்புறம்தான் சொல்லும்."

பெல்ட்டின் ஓரம் நெடுக ஒரு கயிறு ஓடும். புல் கார்டு என்பார்கள். யார் இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும். இழுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம் என்பது சட்டம். ஆனால் கேட்காமல் இழுத்தவனை விசாரணை கிழித்துவிடும் என்பது நடைமுறை. சேவியர்ராஜ் போய் இழுத்தார். பெல்ட் நின்றது, அதற்குப் பின்னால் மண் வெட்டும் ராட்சத இயந்திரம் நின்றது, எல்லா போனும் ஒரே நேரத்தில் அடித்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பேரிங்கைப் பிரித்தபோது உள்ளே கூடு உடைந்து, உருளைகள் விண்டு கிடந்தன. அன்றிலிருந்து சிவசங்கர் பேனலைப் பார்க்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "சேவியர், காது என்ன சொல்லுது?" சில வருடங்களில் பிரிவு முழுக்க அதையே கேட்டது. ரிட்டையர்மென்ட் அன்று போட்ட மாலையைவிட அவர் வீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டுபோனது அந்தக் கேள்வியைத்தான்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூர் போகிற சாலையில் கட்டிய வீட்டுக்கு வந்து மூன்றாவது வருடம் தொண்டையில் வலி. வேலைக்காலத்தில் கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை கணக்குத் தீர்க்க வந்திருந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். டாக்டர் தமயந்தி சுற்றி வளைக்கவில்லை. அடிநாக்கில் புற்றுநோய். ஏழு வாரம் கதிர்வீச்சு. அதனோடு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் மூன்று முறை, நரம்பில் மருந்து.

"சிஸ்பிளாட்டின்னு பேரு. பிளாட்டினத்துல செய்யறது."

சேவியர்ராஜுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "மோட்டாருக்குள்ள வெப்பாங்களே, அந்தக் கம்பிதானே டாக்டர்?"

இப்படிக் கேட்ட நோயாளியைத் தமயந்தி அதுவரை பார்த்ததில்லை. நகைக்கடையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சந்தோஷத்தில் ஒரு தாளை இழுத்துப் படமே போட்டுவிட்டார். நடுவில் பிளாட்டினம். ஒரு பக்கம் இரண்டு அம்மோனியா, இன்னொரு பக்கம் இரண்டு குளோரின். "ரத்தத்துல போறப்ப குளோரின் ஒட்டிக்கிட்டே இருக்கும். செல்லுக்குள்ள போனதும் கழண்டுக்கும். காலியான அந்த ரெண்டு கையால டி.என்.ஏ.வைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். அப்புறம் அந்த செல்லால பெருக முடியாது. செத்துப்போகும்."

அதைக் கண்டுபிடித்ததே தற்செயல்தான் என்றும் சொன்னார். எப்போதோ அமெரிக்காவில் பாக்டீரியாவுக்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்களாம். அவை பெருகாமல் நின்றுவிட்டன. மின்சாரத்தின் வேலை என்று நினைத்தால், பாய்ச்சப் பயன்படுத்திய பிளாட்டினம் கம்பியிலிருந்து கரைந்து வந்த சரக்கின் வேலை. சேவியர்ராஜுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனியிடம் மூன்று தடவை சொன்னார், மூன்றாவது தடவை அந்தக் கம்பியை அவரே மாட்டியவர் மாதிரி.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க," என்றார் டாக்டர். "நல்ல செல் எது, கெட்ட செல் எதுன்னு இதுக்கு முழுசாத் தெரியாது. கிட்னியைத் தொடும், நரம்பைத் தொடும். காதைத் தொடும். காதுல புதுசா எந்தச் சத்தம் வந்தாலும், எது கேக்காமப் போனாலும், உடனே சொல்லணும்." காதுக்குப் பரிசோதனையும் எடுத்தார்கள். இரைச்சலில் வேலை பார்த்த காதுக்கு அவ்வளவு மோசமில்லை என்று வந்தது. சேவியர்ராஜ் பெருமையாக ஆனியைப் பார்த்தார்.

வாரநாட்களில் புதுச்சேரியில் ஆனியின் அக்கா வீட்டில் தங்கல். சனி, ஞாயிறு வீடு. முதல் மருந்து ஏறிய அன்று பாட்டிலுக்கு வெளிச்சம் படாமல் கறுப்பு உறை போட்டிருந்தார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் உப்புத் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக உள்ளே போனது. சுரங்கத்தில் கரி எடுக்கப் பூமியிலிருந்து தண்ணீரை வெளியே இறைத்தோம், இங்கே தலைகீழாக இருக்கிறதே என்று அவர் நர்ஸிடம் சொன்னார். அன்று சாயங்காலம் அவர் எடுத்த வாந்தியில் அந்த வேடிக்கையெல்லாம் போய்விட்டது.

அந்த வாரமே காதில் 'கொய்' என்று ஒன்று ஆரம்பித்தது. மெல்லிய, நிற்காத சத்தம். சேவியர்ராஜ் அதைப் பொருட்படுத்தவே இல்லை. பெல்ட்டில் வேலை பார்த்த எவனுக்கும் அது உண்டு. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் காதுக்குள் பெல்ட் ஓடும். 'பெல்ட் காது' என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். ரிட்டையர் ஆனவர்கள் டீக்கடையில் சந்தித்தால் "இன்னும் ஓடுதா?" "ஓடுது" என்று விசாரித்துக்கொள்வார்கள். அவருக்குள் அது இரண்டு வருடமாக அடங்கியிருந்தது. திரும்பி வந்ததும் பழைய சிநேகிதன் வந்ததுபோல ஒரு சந்தோஷம்கூட. படுத்துக்கொண்டு அதைக் கேட்டபடி மத்தியான ஷிப்டையும், சிவசங்கரையும், இறந்துபோன கூட்டாளிகளையும் நினைத்துக்கொண்டிருந்தார். நோயாளிக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

இரண்டாவது மருந்துக்குப் போனபோது நர்ஸ் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். "காதுல சத்தம் ஏதாச்சும் இருக்கா அய்யா?"

"புதுசா ஒண்ணும் இல்லம்மா."

பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஊரான் பேரிங்கைக் கேட்டவர் சொந்தப் பேரிங் கத்தியதைப் பெல்ட் என்று நினைத்துக்கொண்டார். வேறு எவனாக இருந்தாலும் பயந்துபோய்ச் சொல்லியிருப்பான். இந்தத் தப்பைச் செய்யப் பெல்ட்காரனால் மட்டும்தான் முடியும்.

மூன்றாவது மருந்துக்கு முந்தின சனிக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம். பின்வாசல் படியில் ஆனி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் முந்திரித்தோப்பு. மே மாதத்தில் அங்கே சில்வண்டு கத்துகிற கத்தில் போன் பேச வாசலுக்கு வரவேண்டியிருக்கும். சேவியர்ராஜ் தோப்பைப் பார்த்தபடி, எரிகிற தொண்டையால் மெதுவாகச் சொன்னார்:

"இந்த வருஷம் சில்வண்டே வரலியே ஆனி. மருந்து கிருந்து அடிச்சிட்டானுங்களா?"

ஆனி கரண்டியை நிறுத்தினாள். தோப்பு முழுக்கச் சில்வண்டு அலறிக்கொண்டிருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்தார். பேரிங் பிரித்துப் பார்க்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் ஒரு கணம் உண்டே, அது.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்," என்றார்.

மறுநாள் காலை காய்ச்சல் பார்க்க தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தாள். அது கீச்சென்று நான்கு முறை கத்தியது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்து, "இன்னும் அடிக்கலியா?" என்றார். ஆனி அதை எடுத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டரை உறையில் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"டாக்டர்கிட்ட சொல்லிடாத ஆனி. சொன்னா இந்த மருந்தை நிறுத்திடுவாங்க. கொறஞ்ச மருந்தாக் கொடுப்பாங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணு மீதிக் காதையும் எடுத்துட்டா?"

"உசுரு இருந்தா போதாதா? காதை வெச்சுகினு குழிக்குள்ள போயி என்னாத்தைக் கேக்கப் போறேன்?"

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை அழவைத்தது. அன்று பூசைக்கு அவர் போகவில்லை. தொண்டை எரிகிறது என்று சொன்னார். உண்மையில் ஆறாவது பெஞ்சில் நின்று தேடப் பயம். தேடி, கிடைக்காவிட்டால்?

திங்கட்கிழமை நர்ஸ் அதே தாளோடு வந்தாள். வாந்தி? உண்டு. கை கால் மதமதப்பு? கொஞ்சம். "காதுல சத்தம் ஏதாச்சும்?"

"இல்லம்மா," என்றார் சேவியர்ராஜ்.

"இருக்கு சிஸ்டர்," என்றாள் ஆனி. "முதல் மருந்துலேருந்தே இருக்கு. சில்வண்டு கேக்கல. தெர்மாமீட்டர் கேக்கல. டாக்டரைக் கூப்பிடுங்க."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் வேறொரு பெண்ணாக இருந்தால் பயந்திருப்பாள். ஆனி பயப்படவில்லை. "புல் கார்டை யார் வேணா இழுக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம்னு நீங்கதானே சொல்லுவீங்க? இழுத்துட்டேன்."

பாட்டில் அன்று ஏறவில்லை. காதைத் திரும்பப் பரிசோதித்தார்கள். பழைய வரைபடத்தையும் புதியதையும் டாக்டர் தமயந்தி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உச்ச ஒலிகள் இருந்த இடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. "போனது திரும்பாது," என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள், திட்டவில்லை. "இதே மருந்தைக் கொடுத்தா பேச்சு கேக்கற இடம் வரைக்கும் இறங்கலாம். கார்போபிளாட்டின்னு இதோட தம்பி ஒண்ணு இருக்கு. அதுவும் பிளாட்டினம்தான். காதை இவ்வளவு தொடாது. உங்க நோய்க்கு அண்ணனைப் பத்திதான் எங்களுக்கு நிறையத் தெரியும், அதையும் மறைக்க மாட்டேன். ஆனா ரெண்டு முழு டோஸ் ஏற்கனவே உள்ள போயிருக்கு. அதுவே பெரிய அளவு. தம்பியைக் கொடுத்து முடிக்கலாம்கிறது என் யோசனை. நீங்க சொல்லுங்க."

சேவியர்ராஜ் இரண்டு கோட்டையும் வெகுநேரம் பார்த்தார். பேனலை மட்டும் நம்பக்கூடாது என்று ஊருக்குச் சொன்னவர். இப்போது காதே பேனலில் படமாகக் கிடந்தது.

"நீ என்னா சொல்ற?" என்று ஆனியைக் கேட்டார்.

"எனக்கு ரெண்டும் வேணும்," என்றாள். "நீங்களும் வேணும். நான் பாடறதை நீங்க கேக்கவும் வேணும். பேராசைதான். இருக்கட்டும்."

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. "பழசை நிறுத்தச் சொல்றார்," என்று ஆனி மொழிபெயர்த்தாள்.

தம்பி ஏறியது, கதிர்வீச்சு முடிந்தது, மழைக்காலமும் வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அடிநாக்கில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து வருடம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார் டாக்டர். பேச்சு கேட்டது, கூட்டத்தில் கேட்டால் மட்டும் குழம்பியது. காதுக்குள் பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அதைக் கேட்டு ஷிப்டை நினைத்துச் சந்தோஷப்பட இப்போது முடியவில்லை; அது பெல்ட் இல்லை என்று தெரிந்துவிட்டதே.

டிசம்பர் பிறந்து முதல் ஞாயிறு, ஏழு மாதம் கழித்து அவர் பூசைக்குப் போனார். ஆனி முன்னாலேயே போயிருந்தாள். பாடற்குழுவில் பயிற்சி இருக்கிறது என்று மூன்று வாரமாகச் சாயங்காலங்களில் போய்வந்தாள். ஆறாவது பெஞ்ச், மின்விசிறிக்குக் கீழே. உடம்பு பாதியாகியிருந்தது, சட்டை மட்டும் பழைய அளவில் இருந்தது. சாமியார் கையால் அப்பம் வாங்குகிற நன்மை நேரத்தில் பாட்டு ஆரம்பித்தது. சேவியர்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

மேல் குரலில் தேடினார். எல்லாக் குரலும் ஒன்றாகக் குழைந்து, பஞ்சு வைத்து அடைத்த மாதிரி வந்தது. இது யார், அது யார் என்று பிரிக்க முடியவில்லை. முதல் சரணம் போயிற்று. முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு ஆனி எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. பெஞ்சின் முன் கட்டையைப் பிடித்துக்கொண்டார். உசுரு இருந்தால் போதாதா என்று சமையலறையில் கேட்டவருக்கு, போதவில்லை.

இரண்டாவது சரணத்தில் கீழ்க் குரல் சேர்ந்தது. அதற்கு எப்போதுமே இரண்டு பேர்தான். இன்று மூன்றாவதாக ஒன்று கேட்டது. தணிந்த, கொஞ்சம் பழகாத குரல். மற்ற இரண்டோடும் ஒட்டவில்லை. சுருதிக்கு ஒரு நூல் மேலே நின்றது.

கண்ணைத் திறந்தார். மேல் குரல் வரிசையில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். பின்வரிசையின் ஓரத்தில், கையில் புதுப் பாட்டுத்தாளோடு ஆனி நின்று, கீழ்க்குரலில் பாடியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறதா இல்லையா என்று அவள் புருவம் கேட்டது.

சேவியர்ராஜ் மாதா கோயில் என்றும் பார்க்கவில்லை, நன்மை நேரம் என்றும் பார்க்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, விரலால் பெரிதாக ஒரு வட்டம் சுற்றினார். பக்கத்தில் நின்றவர் ஏதோ பூச்சி என்று நினைத்துக் குனிந்துகொண்டார்.